புல் காய்ந்தபின் மலை ஏறாதீர்கள்

பரீட்சை முடிந்ததும் என் கைபேசி ஓயாது. மதுரை, திருப்பூர், சென்னை என்று எங்கெங்கிருந்தோ அழைப்பார்கள். ஊரில் வெயில் தாங்கவில்லை, பிள்ளைகளுக்கு விடுமுறை, மீசைப்புலிமலைக்கு அழைத்துப்போக முடியுமா என்று கேட்பார்கள். மூணாறுக்கு அருகே, கேரளத்துச் சூரியநெல்லியில் 14 ஆண்டுகளாக வழிகாட்டியாக இருக்கிறேன். பள்ளி விடுமுறைக்கும் மலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் முகடுதான் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லை. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அதற்குப் போகும் ஜீப் பாதையோ கேரளத்தில், எங்கள் ஊரிலிருந்து ஏறுகிறது. மழையும் இப்படித்தான் எல்லை பிரித்துக்கொண்டு பெய்யும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் மூணாறு பக்கம் நாள் கணக்கில் கொட்டும். தமிழ்நாட்டுப் பக்கம் அடிவாரத்தில் உள்ள போடியில் காற்றும் புழுதியும்தான். போடியில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கிளம்பி வருகிறவர்களுக்கு, பாதிச் சரிவில் அட்டைக்கடியும் வழுக்கலும் காத்திருக்கும். 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனதும் இந்த மழையில்தான். அக்டோபர், நவம்பரில் கதை திரும்பும். வடகிழக்குப் பருவமழையில், போடிப் பக்கத்து மலையடி ஊரான குரங்கணியின் ஓடைகள் எந்த நேரத்தில் பெருகும் என்று சொல்ல முடியாது.

மழை என்றால் எல்லோருக்கும் பயம் இருக்கிறது. வெயிலுக்கு யாரும் பயப்படுவதில்லை. எனக்கு அதுதான் கவலை.

ஜனவரியில் இங்கே இரவு வானம் தெளிவாக இருந்தால் விடியலில் புல்மேட்டில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். படம் எடுக்க அழகு. ஆனால் அந்தப் பனி புல்லைக் கருக்கிவிடும். பிப்ரவரி பிற்பகுதியில் மலை முழுக்கப் பழுப்பேறும். அதன்பின் கோடை மழை நன்றாகப் பெய்து நனைக்கும்வரை, கிடப்பது புல் அல்ல, விறகு. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் இந்தப் புல்லுக்குள்தான் தீயில் சிக்கினார்கள். இறந்தவர்கள் 20 பேருக்கும் மேல். அதற்குப் பிறகு மார்ச்சில் அந்தச் சரிவுக்கு நான் யாரையும் அழைத்துப்போவதில்லை.

சரிவில் தீ எப்படி ஓடும் என்பது சமவெளிக்காரர்களுக்குத் தெரியாது. கீழே எரியும் தீ, மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடும். பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேல்நோக்கியே வீசும். ஆகவே மேட்டை நோக்கி ஓடுகிறவரைத் தீ துரத்திப் பிடித்துவிடும். பக்கவாட்டில் விலக வேண்டும். பாறைத் திட்டுக்கோ, ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடத்துக்கோ போய்விட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தாலும், தலைக்கு மேல் புல் வளர்ந்த இடத்தில் புகை சூழ்ந்தால் யாருக்கு நினைவு வரும்? அந்த மாதங்களில் வராமல் இருப்பது ஒன்றுதான் வழி. தீக்காலத்தில் வனத்துறை மலையேற்றத்தை நிறுத்திவைப்பது உண்டு. வரையாடுகள் குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளம் தேசியப் பூங்காவும் மூடப்படுகிறது. அப்போதெல்லாம் என்னிடம், தோட்டம் வழியாகக் குறுக்குப் பாதை இருக்கிறதாமே என்று கேட்கிறார்கள். இருக்கிறது. காட்டமாட்டேன்.

ஏப்ரல், மே மாதங்களில் மழை விழுந்தால் தீ பயம் குறையும், இடி பயம் வரும். கேரளத்தில் மின்னல் அதிகம் வெட்டுவது அந்த இரண்டு மாதங்களிலும், பிறகு அக்டோபர், நவம்பரிலும்தான். அதுவும் பிற்பகல் 2 மணிக்கு மேல். மொட்டைப் புல்மேட்டில் மின்னலுக்கு நாம்தான் மரம். ஒரு முறை ஏப்ரல் கடைசியில் ஒரு கல்லூரிக் குழுவை, மேற்கே கருத்தவுடன் உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போதே கீழே இறக்கிவிட்டேன். முகம் கொடுத்துப் பேசவில்லை, பேசிய கூலியில் பாதிதான் தந்தார்கள். நாங்கள் ஜீப்பை எட்டுவதற்குள் முகட்டில் இடி விழும் சத்தம் கேட்டது.

அப்படியானால் எப்போதுதான் வருவது? டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசிவரை என்பது என் கணக்கு. வடகிழக்கு ஓய்ந்திருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும், புல்லில் இன்னும் கொஞ்சம் பச்சை இருக்கும். அதிலும் மழை பொய்த்த ஆண்டென்றால் ஜனவரி நடுவிலேயே நிறுத்திக்கொள்வேன். காலையில் மஞ்சு இறங்கும். மூடுபனிக்கு இங்கே அதுதான் பெயர். மலையாளத்திலிருந்து வந்த சொல் என்பார்கள், பழந்தமிழிலும் மஞ்சு என்றால் மேகம்தான். மஞ்சுக்குள் நடக்காதீர்கள். இது யானை நடமாடும் பக்கம், பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாது. வெயில் ஏறி விலகும்வரை டீ குடித்துக்கொண்டிருக்கலாம்.

குளிரைக் குறைவாக எடைபோடாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். மீசைப்புலிமலை 2,640 மீட்டர். போடியில் போர்வை தேவைப்படாத இரவில் இங்கே பல் கிட்டும். பருத்திச் சட்டையோடு ஏறினால் வியர்வையில் நனைந்து, உச்சிக் காற்றில் உடம்போடு ஒட்டி நடுக்கிவிடும். மாற்றுச் சட்டை ஒன்று பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவாருங்கள். கம்பளிக் குல்லாவை மறந்துவிட்டால் பரவாயில்லை, சூரியநெல்லிக் கடைத்தெருவிலேயே கிடைக்கும்.