எண்ணெய்ப் படலத்தைத் தண்ணீர் கடப்பது எப்படி?

ரத்தத்தின் சிவப்பணுக்களைத் தூய நீரில் விட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். நடுவில் குழிந்திருக்கும் அணு உப்பி உருண்டையாகும், அப்புறம் வெடித்துவிடும். 0.9 சதவீத உப்புக்கரைசலில் விட்டால் ஒன்றும் ஆகாது. உப்பை இன்னும் கூட்டினால் சுருங்கிப்போகும்.

இதுதான் சவ்வூடு பரவல். உப்பு தண்ணீரை இழுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தண்ணீர் மூலக்கூறுகள் சவ்வின் இரு பக்கமும் ஓயாமல் போய்வந்துகொண்டே இருக்கின்றன. சவ்வைக் கடக்க முடியாத துகள்கள் நிறைந்த பக்கத்திலிருந்து கிளம்பி வரும் தண்ணீர் சற்றுக் குறைவு. அந்த வித்தியாசம்தான் அங்கே சேர்கிறது. துகள் எது என்பதைவிட எத்தனை என்பதே முக்கியம். உப்பு கரைந்தால் இரண்டு அயனிகளாகப் பிரியும். அதனால் அதே எண்ணிக்கையில் சர்க்கரை மூலக்கூறுகள் இருந்தாலும் உப்பின் விளைவு ஏறத்தாழ இரு மடங்கு.

இந்த வித்தியாசத்தின் பலம் லேசானதல்ல. தூய நீரிலிருந்து ரத்தத்துக்குள் தண்ணீர் நுழைவதைத் தடுக்க, வளிமண்டல அழுத்தத்தைப்போல் 7 மடங்குக்கும் மேல் அழுத்தம் தர வேண்டும். தாவரச் செல் வெடிக்காததற்கு அதைச் சுற்றியுள்ள உறுதியான சுவரே காரணம்.

சரி, செல் சவ்வின் உட்பகுதியோ எண்ணெய்த் தன்மை கொண்டது. அதன் வழியே தண்ணீர் மெல்லக் கசியும், அவ்வளவுதான். சிவப்பணுக்களிலும் சிறுநீரகத்திலும் தண்ணீர் பாயும் வேகத்துக்கு அந்தக் கசிவு போதாது. தனி வாசல் இருக்க வேண்டும் என்ற சந்தேகம் நெடுநாளாக இருந்தது.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் பீட்டர் ஆக்ரே குழுவினர் ஆர்எச் ரத்தவகைப் புரதத்தை ஆராய்ந்தபோது, கூடவே வேறொரு புரதமும் வந்து நின்றது. அதன் வேலையைக் கண்டறிய, தண்ணீரை எளிதில் உள்ளே விடாத தவளைக் கருமுட்டைகளைத் தேர்ந்தார்கள். அந்தப் புரதத்தைச் செய்வதற்கான ஆர்என்ஏவைச் சிலவற்றில் செலுத்தி, எல்லா முட்டைகளையும் உப்பு குறைந்த நீரில் போட்டார்கள். ஆர்என்ஏ பெற்றவை சில நிமிடங்களில் ஊதி வெடித்தன. மற்றவை அப்படியே கிடந்தன. இது 1992இல் வெளியானது. 2003இல் ஆக்ரேவுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அக்வாபோரின் என்ற அந்தப் புரதத்தின் துளை, மிகக் குறுகிய இடத்தில் ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறின் அகலம்தான். ஒன்றன்பின் ஒன்றாகவே போக முடியும். ஆனாலும் நொடிக்குச் சுமார் 300 கோடி மூலக்கூறுகள் கடக்கின்றன. என்னை மிகவும் வியக்கவைப்பது, தண்ணீரைவிடச் சிறிய புரோட்டானை அது தடுப்பதுதான். சாதாரணமாகப் புரோட்டான்கள் வரிசையாக நிற்கும் தண்ணீர் மூலக்கூறுகள் வழியே தாவிப்போய்விடும். துளையின் நடுவில் உள்ள நேர்மின் பகுதி தண்ணீர் மூலக்கூறைத் திருப்பிவிடுவதால் அந்தச் சங்கிலி அறுகிறது; நேர்மின் கொண்ட புரோட்டானையும் அது விலக்கித் தள்ளுகிறது.

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியேற்றுகின்றன. உடலில் நீர் குறைந்தால் வாசோபிரசின் ஹார்மோன் சுரந்து, செல்லுக்குள் காத்திருக்கும் அக்வாபோரின்களைச் சவ்வுக்கு வரவழைக்கும். கூடுதல் தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்பும். இந்த அக்வாபோரின் மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு ஹார்மோன் போதிய அளவு சுரந்தும் பயனில்லை. தினமும் பல லிட்டர் நீர்த்த சிறுநீர் வெளியேறிக்கொண்டே இருக்கும்.