ஓரிக்டெஸ்: குடைவதைக் குறிக்கும் பெயர்

தென்னை வைத்திருப்பவர்களுக்குக் காண்டாமிருக வண்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதன் அறிவியல் பெயர் ஓரிக்டெஸ் ரைனோசெரஸ். இரண்டுமே கிரேக்க வேர் கொண்ட சொற்கள். 'ரைனோசெரஸ்' என்றால் மூக்கில் கொம்புள்ளது. 1758இல் சுவீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் இந்த வண்டுக்குச் சூட்டியது. தமிழ்ப் பெயரும் அதே வழியில் வந்ததுதான். கொம்பு வண்டு என்றும் சொல்வதுண்டு. சுருக்கமான, நல்ல தமிழ்ப் பெயர். பேச்சுக்கு அதுவே போதும்.

ஆனால் கொம்பு மரத்தைத் துளைப்பதில்லை. ஆணுக்கு நீளமாகவும் பெண்ணுக்குக் குட்டையாகவும் இருக்கிறது, அவ்வளவுதான். துளைப்பது தாடைகள், உள்ளே நெட்டித் தள்ளுவது முள் வரிசை கொண்ட கால்கள். அதனால் எனக்கு அறிவியல் பெயரின் முதல் பாதியான பேரினப் பெயரே பொருத்தமாகப் படுகிறது. 'ஓரிக்டெஸ்' என்றால் தோண்டுவது, அகழ்வது. தமிழில் 'தோண்டி' என்றால் தண்ணீர்ப் பாத்திரம் ஆகிவிடும். 'துளைப்பான்' என்பதைத் தண்டைத் துளைக்கும் புழுக்களுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். குடைவண்டு என்று சொல்லலாம் என்பது என் கருத்து. உள்ளே புகுந்து வெறுமையாக்குவதைத்தானே குடைவது என்கிறோம்?

இந்த வண்டு வளர்வது ஓரிடம், தின்பது ஓரிடம். வளர்ந்த வண்டு இரவில் பறந்து வந்து தென்னையின் நடுக்குருத்தைக் குடைந்து சாற்றைக் குடிக்கும். மென்ற நார்ச்சக்கை துளைவழியே வெளியே வந்து நிற்கும். அப்புறம் குருத்து விரியும்போது ஓலை கத்தரியால் வெட்டியதுபோல் இருக்கும். வளர்ந்த மரம் பெரும்பாலும் தாங்கிவிடும். இளங்கன்றின் குருத்துமுனை போனால் கன்றே போய்விடும். வண்டு போட்ட புண்ணில் சிவப்புக் கூன் வண்டு முட்டையிடுவது இன்னொரு கேடு. அதன் புழுக்கள் மரத்துக்குள்ளேயே வளர்ந்து மரத்தைச் சாய்த்துவிடும்.

கொம்பு வண்டின் புழுவோ உயிருள்ள மரத்தில் இருப்பதில்லை. எருக்குழி, மட்கிய குப்பை, பட்டுப்போன தென்னந்தண்டு ஆகியவைதான் அதன் வீடு. எருவைக் கிளறும்போது வளைந்து கிடக்கும் பருத்த வெள்ளைப்புழு அதுதான். பட்ட மரத்தைத் தோப்பிலேயே கிடக்க விட்டுவிட்டு உச்சியில் மட்டும் மருந்து வைத்தால் வண்டு வருவது நிற்காது. வண்டைப் பிடிக்க 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானைகளில் தோப்பில் வைப்பது நம்மிடம் உள்ள வழி. அதையும் எருக்குழியைக் கவனித்துக்கொண்டே செய்ய வேண்டும்.

இயற்கை எதிரிகளில் பெரியது ஒரு வைரஸ். இதற்குப் பின்னால் இலங்கையைத் தொடும் ஒரு கதை இருக்கிறது. 1909இல் இலங்கையிலிருந்து சென்ற ரப்பர் நாற்றுகளோடு இந்த வண்டு பசிபிக் பெருங்கடலின் சமோவா தீவை அடைந்தது. அங்கே அதைத் தடுக்கும் எதிரி இல்லை. பசிபிக் தீவுகள் பலவற்றின் தென்னைகள் அதன் பிறகு படாத பாடு பட்டன. 1960களில் மலேசியாவில் ஹியூகர் என்ற ஆய்வாளர் வண்டுப் புழுக்களைத் தாக்கும் வைரஸைக் கண்டறிந்தார். 1967இல் அதைச் சமோவாவில் விட்டார்கள். நோயுற்ற வண்டு உடனே சாகாது. பறந்துபோய், எச்சத்தின் மூலமும் இணைசேரும்போதும் மற்ற வண்டுகளுக்கு நோயைத் தானே பரப்பும். வண்டுகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. லட்சத்தீவின் மினிக்காயிலும் பின்னர் இதே முறை கையாளப்பட்டது.

ஆனால் 2007இல் பசிபிக்கின் குவாம் தீவில் தென்பட்ட, இதே வண்டின் ஒரு வகை இந்த வைரஸுக்கு எளிதில் மடிவதாக இல்லை. அங்கே தென்னைகள் கடுமையாகச் சேதமாயின.

இன்னொரு எதிரி நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சை. அதன் வித்துகள் புழுவின் தோலில் முளைத்து உள்ளே இறங்கும். செத்த புழு விறைத்து, முதலில் வெண்மையாகி, பிறகு பச்சை பூத்துக் கிடக்கும். ஈரமுள்ள எருக்குழியில்தான் இது நன்றாக வேலை செய்யும்; காய்ந்த குப்பையில் போட்டால் வீண்.