நிலக்கரித் தொழிலாளி இறந்தால் மனைவிக்கு உள்ள உரிமைகள்: வேலை, மாத இழப்பீடு, ஓய்வூதியம்

தன்பாத், ராணிகஞ்ச், கோர்பா, சிங்ரௌலி போன்ற நிலக்கரிப் பகுதிகளில், பணியில் இருக்கும் தொழிலாளி இறந்தால் அவருடைய வீட்டுக்கு ஒரு வேலை உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த வேலையைக் கேட்கும் உரிமை முதலில் யாருக்கு உண்டு, வேண்டாமென்றால் பதிலுக்கு என்ன கிடைக்கும், எந்த வயதைத் தாண்டினால் உரிமை கைவிட்டுப் போகும் என்பவற்றை அறிந்தவர்கள் குறைவு. பல வீடுகளில் பதின்மூன்றாம் நாள் சடங்கு முடிவதற்குள் மாமனாரும் மைத்துனர்களும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். கணவனை இழந்தவரிடம் கையெழுத்து மட்டுமே கேட்கப்படும். விதியின்படி முடிவெடுக்க வேண்டியவர் அந்தப் பெண்தான் என்பதால், அந்த விதி என்ன சொல்கிறது என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

இந்த உரிமைக்கு அடிப்படை தேசிய நிலக்கரி ஊதிய ஒப்பந்தம். சுரங்கங்கள் நாட்டுடைமையான பிறகு, நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் கூடிப் பேசும் கூட்டுக் குழுவின் வழியாக 1975 முதல் இத்தகைய ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. 11ஆவது ஒப்பந்தம் 2023 மே 20 அன்று கையெழுத்தாகி, 2021 ஜூலை 1 முதல் ஐந்தாண்டுக் காலத்துக்கு முன்தேதியிட்டுச் செயலுக்கு வந்தது. மத்திய அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவின் துணை நிறுவனங்களிலும் தெலங்கானாவின் சிங்கரேணி நிறுவனத்திலும் அதிகாரிகள் அல்லாத நிரந்தரத் தொழிலாளர்கள் சுமார் 2.81 லட்சம் பேருக்கு இது பொருந்தும். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் இதில் சேராது. அங்கே ஊதியமும் வாரிசு வேலையும் தனி உடன்பாடுகளால் முடிவாகின்றன.

அரசு அலுவலகங்களில் கருணை அடிப்படையில் தரப்படும் வேலையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கையெழுத்தானபோது நடப்பிலிருந்த தொழில் தகராறுச் சட்டத்தின்படி இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் உடன்பாடு இது; 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் காலம் கடந்து வந்தது என்று ஒரு துணை நிறுவனம் தன் சுற்றறிக்கையைக் காட்டி வேலையை மறுத்த வழக்கில், 2007ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்த உடன்பாட்டின் கட்டுப்படுத்தும் தன்மையை எடுத்துக் கூறியதுடன், நிறுவனம் வைக்கும் காலக்கெடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. தாமதம் என்ற ஒரே காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்திருப்பது நல்லது.

வாரிசு வேலை பற்றிய பகுதி 9.3.0 முதல் 9.5.0 வரையுள்ள பத்திகளில் இருக்கிறது. பணியில் இருக்கும்போது இறந்தவர், நிரந்தரமாக உடல் இயலாமை அடைந்து வேலை இழந்தவர் ஆகியோரைச் சார்ந்தவர்களில் ஒருவருக்கு வேலை தர வேண்டும். சார்ந்தவர் என்ற வரிசையில் முதலில் வருபவர் மனைவி அல்லது கணவர். அவரோடு மணமாகாத மகள், மகன், சட்டப்படி தத்தெடுத்த மகன் ஆகியோரும் சேர்வர். இவர்களில் யாரும் இல்லாதபோதுதான், இறந்தவரோடு வசித்து அவர் வருமானத்தையே பெரும்பாலும் நம்பியிருந்த சகோதரர், கணவனை இழந்த மகள், கணவனை இழந்த மருமகள், மருமகன் ஆகியோரின் பெயர்கள் பரிசீலனைக்கு வரும். ஆகவே மனைவி உயிரோடு இருந்து வேலைக்குத் தகுதியும் விருப்பமும் உள்ளவராக இருக்கையில், கொழுந்தனுக்கு வேலை கிடைப்பதற்காக அவரிடம் ஆட்சேபணை இல்லாச் சான்று கேட்பதற்கு ஒப்பந்தத்தில் இடமில்லை. வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து கேட்டால் மறுத்துவிட வேண்டும்.

பொதுவாக வாரிசின் வயது 35க்கு மேற்படக் கூடாது. மனைவிக்கு மட்டும் இந்த வரம்பு 45. மனைவி பணியில் இருந்து இறந்து, கணவர் வேலை கேட்கும் நேர்வில் கணவருக்கு வயது வரம்பே இல்லை. ஒரே ஒப்பந்தம் ஆணுக்கு ஒரு கணக்கும் பெண்ணுக்கு வேறு கணக்கும் வைத்திருப்பதன் காரணம் எனக்கு விளங்கவில்லை.

பெண் வாரிசுக்கு மட்டுமே உரியது 9.5.0 பத்தி. சுரங்க விபத்தில் கணவர் இறந்தால், மனைவி தம் வயது எதுவானாலும் வேலையையோ மாத இழப்பீட்டையோ தேர்ந்துகொள்ளலாம். நோய் முதலான வேறு காரணங்களால் இறந்தாலும், மருத்துவக் குழு கணவரைத் தகுதியற்றவர் என்று அறிவித்து அவர் வேலை போனாலும், 45 வயதுக்கு உட்பட்ட பெண்ணுக்கு அதே தேர்வுரிமை உண்டு. 45ஐத் தாண்டியவருக்கு மாத இழப்பீடு மட்டுமே. 1996 முதல் நடப்பிலிருந்த ஆறாவது ஒப்பந்தத்தில் விபத்து மரணத்துக்கு மாதம் 4,000 ரூபாய், பிற நேர்வுகளுக்கு 3,000 ரூபாய் என்றிருந்த தொகை பின்னர் உயர்த்தப்பட்டது. இன்றைய தொகையைக் கோலியரியின் (நிலக்கரிச் சுரங்கத்தின்) பணியாளர் பிரிவில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெற்றபின் முடிவெடுப்பதே சரி. இந்த இழப்பீடு பெண்ணுக்கு 60 வயது நிறையும் வரை மட்டுமே வரும்.

பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுவது அடுத்த உட்பிரிவில்தான். யாருக்கும் வேலை தரப்படாத நிலையில், இறந்தவரின் மகனுக்கு 12 வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் அவன் பெயரை ‘லைவ் ரோஸ்டர்’ என்னும் காத்திருப்புப் பட்டியலில் சேர்த்து, 18 வயது நிறைந்ததும் வேலை தருவார்கள். அதுவரை தாய்க்கு மாத இழப்பீடு வரும். பட்டியலில் இடம் ஆண் வாரிசுக்கு மட்டுமே என்று விதி சொல்கிறது. 12 வயது மகளுக்கு அப்படிக் காத்திருக்கும் வாய்ப்பு இல்லை.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். கணவர் பணியில் இருக்கும்போது மாரடைப்பால் இறந்துவிட்டார். மனைவிக்கு 43 வயது, மணமாகாத மகளுக்கு 20, மகனுக்கு 14. தாய் வேலையை ஏற்றால் 60 வயது வரை 17 ஆண்டுகள் சம்பளமும், வருங்கால வைப்பு நிதியும், பணிக்கொடையும், குவார்ட்டர்ஸும், மருத்துவ வசதியும் உண்டு. 20 வயது மகளும் இன்றே வேலை கேட்கத் தகுதியுள்ளவர். அவருக்கு மணமாகும் முன் விண்ணப்பம் போக வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது வழி, மகன் பெயரைப் பட்டியலில் சேர்த்து நான்கு ஆண்டுகள் இழப்பீடு வாங்குவது. சுற்றியுள்ளவர்கள் சொல்வது எப்போதும் இந்த மூன்றாவது வழியைத்தான். மகனுக்கு வேலை கிடைக்கும் நாளில் தாய்க்கு 47 வயதாகியிருக்கும்; வேலை கேட்கும் வயது போயிருக்கும்; இழப்பீடும் அன்றோடு நிற்கும். அதன்பின் அவருக்கென்று மிஞ்சுவது ஓய்வூதியம் மட்டும். மகன் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை பொய்க்காமலும் போகலாம். ஆனால் ஒரு மரணத்துக்கு ஒரு வேலை என்பதால், அதை யார் பெயரில் எழுதினாலும் பிறகு மாற்ற இயலாது என்பதைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

வேலையை ஏற்கும் பெண்களைப் பெரும்பாலும் முதல் வகை ‘ஜெனரல் மஸ்தூர்’ (பொதுவான உடலுழைப்புத் தொழிலாளி) ஆகச் சேர்ப்பார்கள். விளக்கறை, மருந்தகம், அலுவலகம், பம்பு நிலையம் போன்ற தரைமேல் இடங்களில்தான் வழக்கமாக வேலை இருக்கும். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு பெண்களை நிலத்தடியில் வேலை செய்ய விடவில்லை. தரைமேல் வேலையையும் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை என்று வரையறுத்தது. 2019 ஜனவரியில் வந்த அறிவிக்கை மூலம் இது தளர்ந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம், பெண்ணின் ஒப்புதலோடும் பாதுகாப்பு ஏற்பாடுகளோடும் இரவு வேலைக்கும் வழி திறந்துவிட்டது. ‘பெண்ணுக்குத் தர எங்களிடம் வேலையில்லை’ என்று வாய்மொழியாகச் சொல்லி இழப்பீட்டை ஏற்கச் சொல்லும் பழைய பேச்சுக்கு இனி சட்டத்தின் துணை இல்லை. பெண் தொழிலாளி விருப்ப ஓய்வு பெற்றால் அவருடைய மகனுக்கு வேலை என்ற தனித் திட்டத்தையும் இதே நிறுவனங்கள் நடத்தியிருக்கின்றன. சுரங்கங்களில் பெண்கள் எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று கேட்பவர்கள் அந்தத் திட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மணமான மகளின் நிலை இன்னும் சிக்கலானது. விதியில் ‘மணமாகாத மகள்’ என்றே இருக்கிறது. மணமான மகளைத் திருமணத்தைக் காட்டி மட்டும் விலக்குவது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புக்கு முரண் என்று 2016ஆம் ஆண்டு சத்தீஸ்கர் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தந்தை இறந்தபோது உண்மையில் அவரைச் சார்ந்திருந்ததற்குச் சான்று உள்ள மகள்கள் அந்தத் தீர்ப்பைக் காட்டி விண்ணப்பிக்கலாம்.

இனி காகிதங்கள். 45 என்ற எல்லைக்கோடு இருப்பதால் வயதுச் சான்றே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் அதுவே ஏற்கப்படும். பள்ளிக்குப் போகாத பெண்களின் வயதை நிறுவனத்தின் மருத்துவக் குழு மதிப்பிடும். ஆதாரில் ஒரு பிறந்த ஆண்டு, வாக்காளர் அட்டையில் இன்னொன்று, கணவரின் பணிப்பதிவேட்டில் மூன்றாவது என்று இருப்பது இந்தப் பகுதிகளில் சாதாரணம். பெயரும் அப்படியே: பதிவேட்டில் ‘தேவி’ என்று முடியும் பெயர் வங்கிக் கணக்கில் ‘குமாரி’ என்று இருக்கும், அதற்காகக் கோப்பு மாதக்கணக்கில் நிற்கும். கணவர் பணியில் இருக்கும்போதே பணிப்பதிவேட்டிலும் வைப்பு நிதி நியமனப் படிவத்திலும் மனைவி, மகள்கள் பெயர்களைச் சரிபார்த்துத் திருத்திக்கொள்வதுதான் இதற்கு உள்ள ஒரே எளிய வழி.

வேலையோ மாத இழப்பீடோ எதைத் தேர்ந்தாலும், கீழ்க்கண்டவை தனியே வர வேண்டியவை. ஒன்றைக் காட்டி மற்றதைக் குறைக்க முடியாது.

முதலாவது ஓய்வூதியம். 1971ஆம் ஆண்டுக் குடும்ப ஓய்வூதியத் திட்டத்துக்குப் பதிலாக 1998 மார்ச் 31 முதல் நிலக்கரிச் சுரங்க ஓய்வூதியத் திட்டம் நடக்கிறது. தன்பாதைத் தலைமையிடமாகக் கொண்ட நிலக்கரிச் சுரங்க வருங்கால வைப்பு நிதி அமைப்பு இதை நிர்வகிக்கிறது. தொழிலாளியும் நிறுவனமும் ஊதியத்தில் 7 விழுக்காடு வீதம் செலுத்துகிறார்கள். இறந்தவரின் மனைவிக்கும், குறித்த வயது வரை பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் உண்டு. இதன் பெருங்குறை, ஒருமுறை நிர்ணயித்த தொகை விலைவாசியோடு சேர்ந்து உயராது என்பதே. மாதம் சில நூறு ரூபாய் வாங்கிவந்த மூதாட்டிகளுக்காகக் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று 2024இல்தான் நிர்ணயித்தார்கள். அந்தத் தொகையில் இன்று ஒரு சமையல் எரிவாயு உருளை வாங்கினால் மீதி கொஞ்சமே.

இரண்டாவது, விபத்து இழப்பீடு. வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த மரணத்துக்கு, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்துத் தந்த கணக்கே அடிப்படை: மாத ஊதியத்தில் பாதியை வயதுக்கேற்ற காரணியால் பெருக்க வேண்டும். 2020 ஜனவரி முதல் கணக்கில் எடுக்கும் ஊதியத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். இறந்தவருக்கு 40 வயது என்றால் காரணி 184.17, 7,500 ரூபாயை அதனால் பெருக்க 13,81,275 ரூபாய் வரும். அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது.

இதற்கு மேல், சுரங்க விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு நிறுவனம் தரும் கருணைத்தொகை 15 லட்சமாக இருந்து 2025 செப்டம்பரில் 25 லட்சமாக உயர்ந்தது. பணிக்கொடைக்குச் சாதாரணமாக ஐந்தாண்டுப் பணி வேண்டும். மரணம் என்றால் அந்த நிபந்தனை இல்லை.

ஒப்பந்தத் தொழிலாளியின் மனைவிக்கு இவற்றில் எவ்வளவு? மண் அகற்றுவதும் கரி வெட்டுவதும் பெருமளவில் ஒப்பந்ததாரர்களிடம் போய்விட்ட காலத்தில் இந்தக் கேள்விதான் அதிகமான வீடுகளுக்குப் பொருந்தும். வாரிசு வேலையும், மாத இழப்பீடும், லைவ் ரோஸ்டரும் அவருக்கு இல்லை. விபத்து இழப்பீடும் கருணைத்தொகையும் உண்டு. வைப்பு நிதியிலும் ஓய்வூதியத் திட்டத்திலும் ஒப்பந்தத் தொழிலாளியைச் சேர்க்க வேண்டும் என்பது விதி. சேர்த்திருக்கிறார்களா, மாதந்தோறும் பணம் கட்டுகிறார்களா என்பதைக் கணவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விண்ணப்பத்தைக் கோலியரி அலுவலகத்தில் கொடுத்து, தேதியிட்ட முத்திரையுடன் நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை, இழப்பீடு இரண்டில் எதைத் தேர்கிறீர்கள் என்பதைப் பெண்ணே தன் கையால் எழுதிக் கொடுப்பது நல்லது. எழுதத் தெரியாதவர் தமக்குப் படித்துக் காட்டப்பட்டது என்ற குறிப்புடன், தமக்கு நம்பிக்கையானவரின் சாட்சியத்தோடு கைரேகை வைக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். அதன்பின் தொழிற்சங்கத்தின் வழியாக மத்திய உதவித் தொழிலாளர் ஆணையரிடம் தகராறு எழுப்பலாம். சமரசம் எட்டாவிட்டால் அது மத்திய அரசின் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகும். நிறுவனம் பொதுத்துறையைச் சேர்ந்தது என்பதால், 226ஆம் உறுப்பின்கீழ் உயர்நீதிமன்றத்தில் நேரடியாக ரிட் மனு தாக்கல் செய்யவும் வழியுண்டு.