198 பேரிடம் ஒளிந்திருப்பது

"ஒடுங்கு அல்லீல் தலைமுறைதோறும் ஒடுங்கி ஒருநாள் அழிந்துபோகாதா?" என்று ஒரு பிளஸ் டூ மாணவி கேட்டிருந்தார். அழியாது. அல்லீல் என்பது ஒரு மரபணுவின் மாற்று வடிவம். ஒவ்வொருவரிடமும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு; ஓங்கு அல்லீல் ஒன்று இருந்தாலே அதன் பண்பு வெளிப்படும், ஒடுங்கு அல்லீலுக்கு இரண்டும் வேண்டும். 1908இல் இதன் மறுபக்கமான கேள்வி எழுந்தது: ஓங்கு பண்பு எல்லோரிடமும் பரவிவிடாதா? மரபியலாளர் பன்னெட் அதைக் கணிதவியலாளர் ஹார்டியிடம் கொண்டுபோனார். பின்னாளில் நம் ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த அதே ஹார்டிதான். அதே ஆண்டில் ஜெர்மன் மருத்துவர் வீன்பெர்க்கும் தனியாக அதே விடையைக் கண்டிருந்தார்.

அந்த விடையான p² + 2pq + q² பாடப்புத்தகத்தில் இருக்கிறது. p ஓங்கு அல்லீலின் விகிதம், q ஒடுங்கு அல்லீலின் விகிதம்; p², q² என்பவை ஒரே வகைப் பிரதி இரண்டைப் பெற்றவர்களின் பங்கு, 2pq வகைக்கு ஒன்றாகப் பெற்றவர்களின் பங்கு. பெரிய மக்கள்தொகை, தற்செயலான மணம் (இந்த மரபணுவைப் பார்த்துத் துணையைத் தேர்வதில்லை), இயற்கைத் தேர்வோ சடுதிமாற்றமோ (மரபணுவிலேயே நேரும் திடீர் மாற்றம்) இடப்பெயர்வோ இல்லை என்றால் அல்லீல்களின் விகிதம் மாறாது. சீட்டுக்கட்டை எத்தனை முறை கலைத்தாலும் நான்கு ராஜாக்களும் உள்ளேதான் இருப்பார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. 10,000 பேரில் ஒருவருக்கு ஓர் ஒடுங்கு நோய் என்று வையுங்கள். q² பத்தாயிரத்தில் ஒன்று. ஆகவே q நூற்றில் ஒன்று. 10,000 பேரிடம் அந்த மரபணுவின் 20,000 பிரதிகள். அவற்றில் பழுதானவை 200. நோயாளியிடம் இருப்பவை இரண்டே இரண்டு! மீதி 198ம் தலைக்கு ஒன்றாக, தங்களுக்கே தெரியாமல், நலமாக நடமாடும் 198 பேரிடம் இருக்கின்றன.

நோயுற்றவர் எவருக்கும் பிள்ளையே பிறக்கவில்லை என்றாலும் q பாதியாகக் குறைய 100 தலைமுறை வேண்டும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 2,500 ஆண்டுகள். ஆனாலும் பரம்பரைக் குறைகளை ஒழிக்கிறோம் என்று சொல்லி 1907இல் அமெரிக்க மாநிலமான இண்டியானாவும் 1933இல் ஜெர்மனியும் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றின. அந்தக் கொடுமைக்கு அறிவியல் என்று பெயர் சூட்டியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நம் ஊரில் இத்தகைய ஒடுங்கு நோயோடு குழந்தை பிறந்தால் சாபம் என்கிறார்கள். பழி தாயின் தலையில் விழுகிறது. பழுதான பிரதி இருவரிடமிருந்தும் வந்தால்தானே நோய் வரும்? அக்காள் மகளை மணப்பதால் அல்லீலின் விகிதம் கூடுவதில்லை. ஒளிந்திருக்கும் பிரதிகள் சந்திக்கும் வாய்ப்புதான் கூடுகிறது. மேற்சொன்ன நோயே அத்தகைய மணத்தில் பிறக்கும் 10,000 குழந்தைகளில் ஏறத்தாழ 13 பேருக்கு வரும். மாவட்ட மருத்துவமனைதோறும் ஒரு மரபியல் ஆலோசகரை அரசு அமர்த்தினால், இந்தக் கணக்கை மணப்பேச்சுக்கு முன்பே அந்தக் குடும்பங்களுக்குச் சொல்லிவிடலாம்.