குழந்தைகளுக்கு ஒரு ட்ரே கேக்: செலவு குறைவு, கவனிக்க வேண்டியவை சில

வீட்டில் கேக் செய்யத் தயங்குபவர்கள் பெரும்பாலும் செலவை நினைத்தோ, பக்குவம் தவறிவிடும் என்று பயந்தோதான் தயங்குகிறார்கள். மாவை ட்ரேயில் ஊற்றி, வெந்ததும் சதுரத் துண்டுகளாக வெட்டித் தரும் எளிய கேக்கில் இந்த இரண்டு கவலைக்கும் இடமில்லை. அடுக்கு, கிரீம், அலங்காரம் எதுவும் வேண்டாம். வெண்ணெய்கூடத் தேவையில்லை, வாசனையில்லாத சமையல் எண்ணெயே போதும். குழந்தைக்கு எவ்வளவு சர்க்கரை போகிறது என்பதும் நம் கையில் இருக்கும். எங்கள் பார்வையில் அதுதான் இதன் பெரிய பலன்.

முதலில் ட்ரேயை அளந்துகொள்ளுங்கள். கேக் கெட்டுப்போனால் எல்லோரும் மாவைத்தான் குறை சொல்கிறார்கள், பல சமயம் தவறு ட்ரேயில் இருக்கிறது. இங்கே சொல்லும் அளவு 20 செ.மீ. சதுர ட்ரேக்கு. இதன் பரப்பு 400 சதுர செ.மீ. இதே மாவை 20க்கு 30 செ.மீ. ட்ரேயில் ஊற்றினால் ஒரு சென்டிமீட்டர்கூட உயரம் நிற்காது; கால் மணி நேரத்தில் வறண்டு, ரொட்டிபோல் ஆகிவிடும். அந்த ட்ரேதான் இருக்கிறது என்றால் எல்லாப் பொருளையும் ஒன்றரை மடங்காக்குங்கள். 15 செ.மீ. ட்ரே என்றால் மாவு தடிமனாக நின்று, ஓரம் கருகும்போதும் நடு வேகாமல் இருக்கும். வட்டப் பாத்திரமாக இருந்தால் 23 செ.மீ. விட்டமுள்ளது ஏறக்குறைய இதே பரப்பு.

தேவையானவை: மைதா 150 கிராம், சர்க்கரை 110 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, முட்டை 2, எண்ணெய் 100 மி.லி., பால் 80 மி.லி., வெனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன். மைதாவில் பாதியைக் கோதுமை மாவாக மாற்றலாம். கோதுமை மாவு ஈரத்தை அதிகம் இழுக்கும் என்பதால் பாலை இரண்டு டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள். சாக்லேட் சுவை வேண்டுமென்றால் 25 கிராம் மாவை எடுத்துவிட்டு அந்த எடைக்குக் கோகோ பவுடர் சேர்க்கவும், அதற்கும் பால் சற்றுக் கூடுதலாக வேண்டும். மாவைக் கப்பால் அளக்காமல் தராசில் நிறுப்பது நல்லது. மெதுவாக நிரப்பினால் ஒரு கப் மைதா 120 கிராம் இருக்கும், அழுத்தி அள்ளினால் 150 வரை போகும். அந்த 30 கிராமே கேக்கைக் கெட்டியாக்கிவிடும்.

முட்டை வேண்டாம் என்றால் முட்டையையும் பாலையும் விட்டு, 190 கிராம் தயிர் சேருங்கள். பேக்கிங் பவுடரை ஒரு டீஸ்பூனாகக் குறைத்து, அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகச் சமையல் சோடா போடவும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்த உடனே குமிழ் கிளம்பத் தொடங்கும். கலந்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் அந்தக் காற்று வெளியேறி, கேக் உப்பாமல் போகும்.

ஓவனை 175 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம் முன்பே சூடாக்குங்கள். ஃபேன் ஓடும் ஓவனாக இருந்தால் 20 டிகிரி குறைவாக வையுங்கள். ட்ரேயில் பேக்கிங் தாளை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போட்டால், வெந்த பிறகு கேக்கை அப்படியே தூக்கிவிடலாம். தாள் இல்லையென்று செய்தித்தாளை விரிக்கவே கூடாது, அதன் மை உணவில் இறங்கும். முட்டை, சர்க்கரை, எண்ணெயை நன்றாக அடிக்கலாம். மாவு சேர்த்த பிறகு கை அடங்க வேண்டும். வெள்ளை மாவு கண்ணில் படாத அளவுக்குக் கலந்ததும் நிறுத்துங்கள். மேலும் அடித்தால் மாவிலுள்ள குளூட்டன் இறுகி, கேக் ரப்பர் போல் இழுபடும்.

22 முதல் 28 நிமிடம் ஆகும். முதல் 18 நிமிடம் ஓவன் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே இன்னும் கெட்டிப்படாத மாவு, சூடு குறைந்ததும் அமுங்கிவிடும். நடுவில் பல்குச்சி குத்தி எடுத்தால் ஈர மாவு ஒட்டக் கூடாது, ஒன்றிரண்டு துகள் ஒட்டினால் பரவாயில்லை. நடு மேடாகி வெடித்திருந்தால் சூடு அதிகம். வெந்த பிறகு நடு குழிந்தால் சீக்கிரம் எடுத்திருக்கிறீர்கள், அல்லது பேக்கிங் பவுடர் கூடிவிட்டது. உப்பவே இல்லையென்றால் பவுடர் பழையதாகியிருக்கும்: அரை டீஸ்பூனைச் சுடுநீரில் போட்டுப் பாருங்கள், பொங்கி நுரைக்காவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

இனி சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சேர்க்கப்படும் சர்க்கரை நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. நாளுக்கு 1,400 கலோரி சாப்பிடும் குழந்தைக்கு அது 35 கிராம், அல்லது பதினேழரை கிராம். நம் கேக்கை 5 செ.மீ. சதுரங்களாக வெட்டினால் 16 துண்டு வரும், ஒரு துண்டில் 7 கிராம்தான் சர்க்கரை. இதன்மேல் 300 கிராம் ஐசிங் சர்க்கரையில் கிரீம் செய்து பூசினால் துண்டுக்கு 19 கிராம் கூடுதலாகச் சேரும். அதனால்தான் கிரீமை விடச் சொல்கிறோம். ஆனால் சர்க்கரையை ஒரேயடியாகப் பாதியாக்கவும் வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைப்பதும் மென்மை தருவதும் நிறம் கொடுப்பதும் சர்க்கரைதான். மேலே சொன்ன 110 கிராமில் 25 கிராமைக் குறைத்து 85 கிராம் வரை போட்டுப் பார்க்கலாம், அதற்குக் கீழே போனால் கேக் வறண்டு வெளுத்துவிடும்.

கேக் சலித்துவிட்டால், நன்கு கனிந்த 2 வாழைப்பழத்தை மசித்து, 200 கிராம் ஓட்ஸ், உருக்கிய 75 கிராம் வெண்ணெய், 50 கிராம் சர்க்கரை சேர்த்து அதே ட்ரேயில் கரண்டியின் பின்புறத்தால் நன்றாக அழுத்திப் பரப்புங்கள். 180 டிகிரியில் 25 நிமிடம். சூட்டிலேயே கத்தியால் கோடு கீறிவிட்டு, முழுக்க ஆறிய பிறகுதான் துண்டுகளை எடுக்க வேண்டும். வெண்ணெய் இறுகினால்தான் ஓட்ஸ் ஒன்றோடொன்று பிடிக்கும். சூடாக எடுத்தால் உதிர்ந்துபோகும்.

கரண்டியில் ஒட்டிய மாவை நக்கக் குழந்தைகளுக்கு ஆசை. அதை அனுமதிக்காதீர்கள், முட்டை சேர்க்காத கலவையாக இருந்தாலும்கூட. பச்சை மாவிலும் சால்மொனெல்லா, ஈ.கோலை கிருமிகள் இருக்கலாம், வேகும்போதுதான் அவை அழியும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதுவும் தரக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியின் வித்துக்கள் ஓவன் சூட்டில் சாவதில்லை. 5 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முழுப் பாதாம், முந்திரி தொண்டையில் சிக்கும், பொடித்துச் சேருங்கள். வேறு வீட்டுப் பிள்ளைகளுக்குத் தருவதாக இருந்தால் கோதுமை, பால், முட்டை, கொட்டைகள் என்ன சேர்த்தீர்கள் என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ட்ரேயைப் பிடிக்கும் துணி உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்துணியில் சூடு உடனே ஏறி, ஆவி கையைச் சுட்டுவிடும். சுட்டால் ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். ஐஸ், வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம்.

ஆறிய கேக்கை மூடிய டப்பாவில் வெளியிலேயே இரண்டு நாள் வைக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் சீக்கிரம் வறளும். மிச்சத்தைத் துண்டு துண்டாகச் சுற்றி ஃபிரீசரில் வைத்தால் ஒரு மாதம் நன்றாக இருக்கும். காலையில் அப்படியே டிபன் பாக்ஸில் போட்டால் பள்ளி இடைவேளைக்குள் பதமாகிவிடும்.