250 பார் பிரஷர் ஓடும் ஓஸைக் கையால் தடவாதீர்கள்

பெங்களூரில் ஹைட்ராலிக்ஸ் (எண்ணெயின் அழுத்தத்தால் மெஷினை இயக்குவது) தொழில் வளர்ந்த கதையை யார் சொன்னாலும் யார் யாரை வாங்கினார்கள் என்பதில்தான் போய் நிற்கும். நல்ல கதைதான், மறுக்கவில்லை. விமானம் செய்த எச்.ஏ.எல்., மெஷின் டூல் செய்த எச்.எம்.டி., புல்டோசர் செய்த பி.இ.எம்.எல். எல்லாம் ஏற்கெனவே இருந்த ஊர், மெஷினுக்கும் புல்டோசருக்கும் பம்பும் சிலிண்டரும் வேண்டியிருந்தன. டைனமேட்டிக் கம்பெனி 1973-இல் தொடங்கியது, யூகென் இந்தியா 1976-இல். வனஸ்பதியில் தொடங்கிய விப்ரோவும் அதே 1976-இல், கம்ப்யூட்டர் பக்கம் போவதற்கு முன்பே, ஹைட்ராலிக் சிலிண்டர் தொழிலில் இறங்கியது (இது இன்றைய ஐ.டி. பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது). 2006-இல் விப்ரோ ஸ்வீடனின் ஹைட்ராட்டோவை வாங்கியது. அடுத்த ஆண்டே டைனமேட்டிக் இங்கிலாந்தில் ஸ்விண்டன் ஆலையை வாங்கியது. இன்று டைனமேட்டிக்காரர்கள் ஏர்பஸ் விமான இறக்கைக்குப் பாகம் செய்கிறார்கள்.

சரி, இந்தக் கதையில் பிரஷர் எங்கே? பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் பவர் பேக் (பம்ப், மோட்டார், ஆயில் டேங்க் சேர்ந்த செட்) சர்வீஸ் பார்க்கிற எனக்கு அதுதான் முக்கியம். பழைய கியர் பம்புகள் 140, 175 பாரில் (பார் என்பது பிரஷரின் அளவு) ஓடின. இப்போது 250 சாதாரணம், எக்ஸ்கவேட்டர் பிஸ்டன் பம்ப் என்றால் 350 வரை போகும். காரின் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள். பிரஷர் ஏற ஏற பம்புக்குள் பாகங்களுக்கு நடுவே இடைவெளியும் சுருங்கிவிட்டது, பல இடங்களில் சில மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன். கம்பெனிகள் இப்படி வளர்ந்துவிட்டன, ஷாப் ஃபுளோரில் நம் பழக்கம் 1980-லேயே நின்றுவிட்டது.

உதாரணத்துக்கு ஆயில் மாற்றுவதைப் பாருங்கள். சீல் உடைக்காத புது பேரல், அதனால் சுத்தம் என்று நம்பி, கேனை வெட்டிச் செய்த புனலில் பனியன் வேஸ்ட் துணியைப் போட்டு வடிகட்டி டேங்கில் ஊற்றுகிறார்கள். புது ஆயிலே இன்றைய பம்புக்குப் போதுமான சுத்தத்தில் வருவதில்லை, அதில் துணியின் நாரும் சேர்ந்து போகிறது. 40 மைக்ரானுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வால்வுக்குள் நகரும் உருளையான ஸ்பூலைக் கெடுப்பது அந்தச் சின்னத் தூசிதான். அப்புறம் பம்ப் கத்தும், "டூப்ளிகேட் பம்ப் கொடுத்துட்டான்" என்று சப்ளையரைத் திட்டுவார்கள். ஃபில்டர் கார்ட் (பம்பும் ஃபில்டரும் பொருத்திய தள்ளுவண்டி) வைத்து ஆயில் நிரப்புங்கள், அதன் விலை ஒரு நல்ல பிஸ்டன் பம்பைவிடப் பெரிதாக இருக்காது.

லோடு மேலே நிற்கும்போது, அல்லது அக்யுமுலேட்டரில் (ஆயிலைப் பிரஷரோடு சேர்த்து வைக்கும் கலன்) பிரஷர் இருக்கும்போது குழாய் இணைப்பான ஃபிட்டிங்கைத் தளர்த்துகிறவர்களைப் பற்றி எழுதினால் ரத்தக் கொதிப்புதான் ஏறும், விடுகிறேன்.

ஆனால் கையால் லீக் தேடுவதை விட முடியாது. ஓஸில், அதாவது ஆயில் போகும் ரப்பர் குழாயில், எங்கோ கசிகிறது, மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆள் வெறுங்கையால் ஓஸைத் தடவிக்கொண்டே போகிறார். ஊசித்துளை வழியாக வரும் எண்ணெய் கண்ணுக்கு லேசான புகைபோலத் தெரியும், சில நேரம் அதுவும் தெரியாது. 7 பார் போதும், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கிளவுஸ் போட்டாலும் காக்காது.

இதில் மோசம் என்னவென்றால் முதலில் வலியே பெரிதாக இருக்காது. பீன்யாவில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த தருமபுரித் தம்பிக்கு ஆள்காட்டி விரலில் முள் குத்தினமாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். பக்கத்துக் கிளினிக்கில் டி.டி. ஊசி போட்டு, பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிவிட்டார்கள். ராத்திரி கை வீங்கி, விரல் வெளுத்துப்போய், மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளங்கைவரை திறந்து சுத்தம் செய்தும் விரலின் நுனியைக் காப்பாற்ற முடியவில்லை. உள்ளே போன எண்ணெய் நரம்பு, தசைநார் வழியாகப் பரவி ரத்த ஓட்டத்தை அடைக்கும். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டிய காயம் இது.

லீக் தேட நீளமான அட்டைத் துண்டு எடுங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, மெஷினை நிறுத்தி, பிரஷரை இறக்கிவிட்டு ஓஸையே மாற்றுவது.

பட்டுவிட்டதா? அழுத்திப் பிதுக்காதீர்கள், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடாதீர்கள். கை அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள், ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் சாப்பிட வேண்டாம். கவுண்டரில் "விரலில் காயம்" என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "ஹை பிரஷர் ஆயில் உள்ளே போயிருக்கிறது" என்று சொல்லுங்கள், எத்தனை பார், எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து. ஆயிலின் டேட்டா ஷீட் கைவசம் இல்லையென்றால் பேரல் லேபிளை மொபைலில் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.