பழைய தேக்கு உத்திரத்தை அறுக்கக் குடுக்குறதுக்கு முன்னாடி

இந்திய வானிலைத் துறை ஆரம்பிச்சது 1875ல, அடுத்த வருஷமே தாது வருஷப் பஞ்சம் வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி எப்பெல்லாம் மழை பொய்ச்சது, எத்தனை வருஷம் தொடர்ந்து பொய்ச்சதுன்னு தெரியணும்னா மர வளையத்தை வச்சு பழைய மழையைக் கணக்கு போடுற நாங்க மரத்துக்கிட்டதான் போய் நிக்கணும்.

எல்லா மரத்துலயும் இது நடக்காது, பனை தென்னைல ஆண்டு வளையமே கிடையாது. தேக்கு அப்படியில்ல, கோடைல இலையை உதிர்த்துட்டு வளர்றதை நிறுத்திடும், மழை வந்ததும் பெரிய பெரிய துளையோட உள்ளுக்குள்ள புது மர அடுக்கு போட ஆரம்பிக்கும், கட்டையோட குறுக்கு வெட்டை உப்புத்தாள் போட்டு நல்லா தேய்ச்சு லென்ஸ் வச்சு பாத்தீங்கன்னா அந்தத் துளைங்க வரிசையா தெரியும், அதுதான் அந்த வருஷத்தோட ஆரம்பம். மழை கம்மின்னா அடுத்த வரிசை கிட்டயே வந்துடும். ஆனா நடுவுல மழை நின்னு திரும்ப பிடிச்சா பொய் வளையமும் விழும், அதனால ஒத்த மரத்தை எண்ணி வருஷம் சொல்லவே கூடாது, அதே காட்டுல நிறைய மரத்துல போரர்ங்கற துளைக்கிற கருவியை விட்டு பென்சில் கனத்துக்கு குச்சி மாதிரி ஒரு கோர் எடுத்து ஒண்ணோட ஒண்ணு பொருத்திப் பாத்துதான் வருஷம் போடுவோம். புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்துக்காரங்க கேரளத்துத் தேக்குல இப்படியே 1481 வரைக்கும் பின்னாடி போயிருக்காங்க!

மெக்சிகோல ஒரு படி மேல போய் டக்ளஸ் ஃபர்ங்கற ஊசியிலை மரத்தை வச்சு 1474லருந்து மக்காச்சோள விளைச்சலையே கணக்கு போட்டிருக்காங்க. அங்க வசந்தகால மழைதான் அந்த மரத்தோட வளர்ச்சியையும் சோளத்தையும் தீர்மானிக்குது, அதனால முடிஞ்சுது. நம்மூர்ல ஏரிப் பாசனம், கால்வாய், கிணறுன்னு நடுவுல ஆயிரம் இருக்கு, வளையம் ஒடுங்கியிருக்குன்னு உடனே விளைச்சல் போச்சுன்னு எழுதிட முடியாது. ஆசியாவுல பருவமழை பெய்யுற பகுதிகளோட மர வளையங்களை வச்சு 2010ல வந்த வறட்சி வரைபடத்துல 1876-78 வறட்சி நல்லா தெரியுது, ஆனா அப்பவும் இங்கருந்து தானியம் ஏத்துமதி ஆயிட்டேதான் இருந்துச்சு, அது எந்த வளையத்துலயும் இருக்காது. மழை பொய்ச்சதை மரம் சொல்லும், ஜனங்க ஏன் செத்தாங்கன்னு கேட்டா விலைக் கணக்கையும் அரசாங்க ரெக்கார்டையும்தான் புரட்டணும்.

அதே வரைபடத்துல 1756லருந்து 1768 வரைக்கும் ஒரு நீண்ட வறட்சி இருக்கு. அணைக்கும் பயிருக்கும் வெறும் முப்பது நாப்பது வருஷ மழையை வச்சு பிளான் போடுறவங்க இதை அவசியம் பாக்கணும்.

செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளை இடிக்கும்போது பர்மா தேக்கு உத்திரம், தூணெல்லாம் லோடு லோடா வெளிய போகுது, அதுல இருக்கிறது பர்மாவோட மழைக் கணக்கு. மரத்தை விக்காதீங்கன்னு நான் சொல்லல. சாமில்லுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு முனைல ரெண்டு இன்ச் கனத்துக்கு ஒரு வில்லை மட்டும் அறுத்து வைங்க, எந்த ஊர் வீடு, எப்ப கட்டினதுன்னு அது மேலயே மார்க்கர்ல எழுதிடுங்க. ஓரத்துல வெளுப்பா இருக்கிற பகுதியை அழகுக்குன்னு செதுக்கிடாதீங்க, மரத்தை வெட்டின வருஷத்தைக் கண்டுபிடிக்க அதுதான் வேணும். அப்புறம் புனேக்கோ லக்னோ பீர்பால் சஹானி நிறுவனத்துக்கோ ஃபோட்டோவோட ஒரு மெயில் போடுங்க.